மணலில் வண்டி ஓட்டுவோர் கேட்டவை: வாசகர் கேள்வி-பதில்

பாலைவன மணல்வெளியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து, ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்து, இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டயர் கடைக்காரரோ, காற்று குறைவாக ஓட்டினால் டயர் பாழாகிவிடும் என்று எச்சரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எவ்வளவு குறைக்கலாம்?

இருவர் சொல்வதும் சரிதான். இருவரும் வெவ்வேறு தரையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். தார்ச்சாலையில் காற்று குறைந்த டயரோடு வேகமாகப் போனால், டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்தும் நிமிர்ந்தும் சூடேறி, கடைசியில் வெடித்துக்கூடப் போகலாம். மணலில் அதே டயருக்குத் தேவைப்படுவது வேகம் அல்ல, பரப்பு. முழுச் சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 625 கிலோவைத் தாங்குகிறது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம் என்பதால், 35 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தைச் சொல்லும் அலகு) இருக்கும்போது தரையைத் தொடும் பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர்தான். காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 590 சதுர சென்டிமீட்டரை நெருங்குகிறது. டயரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நடைமுறையில் இந்த எண்கள் சற்று மாறும். ஆனாலும் அதே எடை இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் பரவுகிறது என்பது மாறாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காற்றை இறக்கும்போது டயரின் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் அதிகமுமாக வளர்கிறது. அந்த நீளம்தான் மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஊர்ந்து போக உதவுகிறது.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான வண்டிகளுக்கு 18 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம், மணல் மிகவும் இளகியிருந்தால் 15க்கு இறக்கலாம். 12க்குக் கீழே போனால் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. அந்த அளவு, சிக்கிக்கொண்ட வண்டியை மெதுவாக மீட்டெடுக்க மட்டும் பயன்பட வேண்டியது. காற்று இறங்கிய டயரோடு ஓட்டும்போது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமலும், ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்பாமலும் இருங்கள். டயர் ரிம்மிலிருந்து கழல்வது பெரும்பாலும் வேகமான வளைவில்தான். அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நம்பகமான அளவுமானி ஒன்று கையில் இருக்கட்டும். ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மீண்டும் காற்று நிரப்பத் தேவையான கம்ப்ரசர் வண்டியில் இல்லை என்றால் மணலில் இறங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காற்று அடிக்க வழி இல்லாதவர்கள் காற்றை இறக்கத் தயங்குவார்கள். தயங்கியவர்களின் வண்டிகள்தான் முதலில் புதைகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியும் அவருடைய நண்பர்களும் 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் எகிப்தின் மேற்கே லிபியாவை ஒட்டிக் கிடக்கும் பெரும் மணற்கடலுக்குள் ஃபோர்டு கார்களில் போனார்கள். அந்தக் கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம் இருந்தது. டயரில் காற்றை இறக்குவதையும், சிக்கிய சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு இடுவதையும் அவர்கள் ஒழுங்கான முறையாகவே வகுத்துக்கொண்டார்கள். பாக்னால்டு 1940இல் உருவாக்கிய நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவு, அதே முறைகளைக் கொண்டுதான் எதிரிகள் எதிர்பாராத மணல்வெளிகளைக் கடந்தது.

ஃபோர் ஹை (நான்கு சக்கர இயக்கத்தின் வேகமான கியர் வரிசை), ஃபோர் லோ (மெதுவான, இழுவை கூடிய வரிசை) இரண்டில் எதை எப்போது பயன்படுத்துவது? டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட வேண்டும் என்று சொல்வது உண்மையா?

முதலில், எதைப் போட்டாலும் மணலில் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சக்கரம் சுழன்று குழி பறித்த பிறகு லீவரைத் தேடுவதில் பயன் இல்லை. சமவெளியாக விரிந்து கிடக்கும் மணலில், வண்டியின் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ள முடியும் இடத்தில், ஃபோர் ஹை போதும். இளகிய மணற்குன்றுகளில், மெதுவாக ஏறி இறங்க வேண்டிய இடத்தில், ஃபோர் லோ வேண்டும். ஆனால் ஃபோர் லோவில் முதல் கியரின் இழுவை மிக அதிகம்; அதில் கிளம்பினால் சக்கரம் வண்டியை நகர்த்துவதற்கு முன் மணலைத் தோண்டிவிடும். இரண்டாவது கியரில் கிளம்புவது நல்லது.

கைகியர் வண்டியில் ஏற்றத்தின் நடுவே கியர் மாற்ற கிளட்சை மிதிக்கும் அந்த ஒரு கணத்திலேயே மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால் ஏறத் தொடங்கும் முன்பே எந்தக் கியரில் உச்சிவரை போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தானியங்கிக் கியர் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு; என்றாலும் ஏற்றத்தின் நடுவில் வண்டி தானாக மேல் கியருக்குத் தாவாமல் இருக்கக் கியரைக் கையால் தேர்ந்து நிறுத்திக்கொள்ளலாம்.

டிராக்‌ஷன் கண்ட்ரோலைப் பற்றி: சக்கரம் வழுக்குவதை உணர்ந்தவுடன் எஞ்சின் சக்தியைக் குறைப்பதோ, வழுக்கும் சக்கரத்துக்குப் பிரேக் போடுவதோ அதன் வேலை. மணலில் எல்லாச் சக்கரங்களும் எந்நேரமும் சிறிதளவு வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். சக்தி மிகவும் தேவைப்படும் இடத்தில், அதாவது ஏற்றத்தின் பாதியில், அந்த அமைப்பு எஞ்சினை அடக்கிவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். எனவே பொதுவாக அணைத்துவிடுவதே நல்லது. மணலுக்கென்றே தனி ஓட்ட முறை கொண்ட வண்டிகளில் அது இதைத் தானே கவனித்துக்கொள்ளும். உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

டிஃபரன்ஷியல் லாக் (சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கும் பூட்டு) இருந்தால் நேராகப் போகும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதைப் போட்டுக்கொண்டு திருப்பினால் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகவே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். மணலை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்ததும் லாக்கை எடுத்துவிடுங்கள். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியானால் டூ வீல் டிரைவுக்கே திரும்பிவிடுங்கள். கெட்டித் தரையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்பட்டிருந்தால், வளைவுகளில் அந்த முறுக்கம் முழுவதும் கியர்ப்பெட்டியின் மேல் ஏறும்.

என் வண்டியின் எஞ்சின் சக்தி மிக அதிகம். டயர்களும் சேற்றுக்கென்றே செய்த ஆழமான பட்டைகள் உள்ளவை. ஆனாலும் என்னைவிடச் சிறிய, பழைய வண்டிகள் ஏறிப்போன மேட்டில் நான் சிக்கிக்கொண்டேன். ஏன்?

நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம். எஞ்சின் சக்தி மிகுந்தால், சக்கரம் வண்டியை நகர்த்துவதற்கு முன் சுழன்று மணலைத் தோண்டிவிடுவது எளிது. சேற்று டயரின் ஆழமான பட்டைகள் சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. மணலில் அடியில் பிடிக்கக் கெட்டித் தரை எதுவும் இல்லை. கிழிக்கக் கிழிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். பட்டைகள் ஆழமில்லாத, பக்கச்சுவர் உயரமான டயர்களே மணலுக்குப் பொருந்தும். சிறிய வண்டி ஏறியதற்கு அதன் குறைந்த எடையே முதற்காரணம். அடுத்த முறை கிளம்பும் முன் வண்டியில் தேவையில்லாத பொருள்களை எல்லாம் இறக்கிவைத்துவிடுங்கள். குறிப்பாகக் கூரைமேல் ஏற்றும் சுமையைத் தவிர்த்துவிடுங்கள். அது எடையைக் கூட்டுவதோடு, சரிவில் வண்டி கவிழ்வதையும் எளிதாக்குகிறது.

மணற்குன்றில் ஏறுவதற்குச் சரியான முறை எது? உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் செங்குத்தாக இறங்குவதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். குன்றின் வடிவத்தைக் காற்றுதான் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்று வந்து மோதும் பக்கம் மெல்லச் சரிந்து, மணல் அழுந்திக் கெட்டியாக இருக்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில், உச்சியைத் தாண்டி உருண்டு விழும் மணல் தான் நிற்கக்கூடிய அதிகபட்சச் சரிவில் குவிந்து நிற்கும். உலர்ந்த மணலுக்கு அந்தச் சரிவு சுமார் 34 பாகை. அதற்கு மேல் ஒரு கைப்பிடி மணல் சேர்ந்தாலும் சரிந்துவிடும் என்ற நிலையில் அந்தப் பக்கம் எப்போதும் இளகியே கிடக்கும். பிறை வடிவக் குன்றுகளில் இரண்டு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். உள்வளைவில் இருப்பதுதான் செங்குத்துப் பக்கம். ஆகவே, முடிந்தவரை காற்று மோதும் பக்கமாக ஏறும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். இளகிய பக்கமாக ஏற வேண்டியிருந்தால், சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஏறும் முன் வண்டியை நிறுத்திவிட்டு உச்சிவரை நடந்து போய்ப் பாருங்கள். மறுபக்கம் பள்ளமா, புதரா, இன்னொரு வண்டியா, உட்கார்ந்து இளைப்பாறும் மனிதர்களா என்பது கீழிருந்து தெரியாது. பிறகு குன்றின் சரிவுக்கு நேர் செங்கோட்டில் வண்டியை நிறுத்தி, அடிவாரத்திலேயே தேவையான வேகத்தைச் சேர்த்துக்கொண்டு ஏறுங்கள். வேகம் கீழே வேண்டும், மேலே வேண்டாம். உச்சிக்குச் சில மீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, நடக்கும் வேகத்தில் முன்சக்கரங்கள் உச்சியைத் தாண்டும்படி செய்ய வேண்டும். வேகத்தோடே தாண்டினால் வண்டி காற்றில் எழும்பி மூக்கால் குத்தி விழும். பலரின் முதுகெலும்பு முறிந்தது இப்படித்தான். வேகம் போதாமல் உச்சியிலேயே நின்றாலோ வண்டியின் வயிறு மணலில் அமர்ந்து, முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் அந்தரத்தில் நிற்கும்.

இறங்கும்போது ஃபோர் லோவில் தாழ்ந்த கியரைப் போட்டு, எஞ்சினின் பிடிப்பிலேயே நேர் கீழாக இறங்குங்கள். பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, பின்பாகம் ஒருபக்கம் சுற்றிவரத் தொடங்கும். அப்படிச் சுற்றுவது போலத் தோன்றினால், மனம் ஒப்பாவிட்டாலும், ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தொட்டு முன்பக்கத்தை மீண்டும் நேராக்குங்கள்.

ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் அங்கேயே திருப்ப முயலாதீர்கள். ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். கியரை நியூட்ரலில் விட்டு உருண்டு இறங்குவது கூடாது. அடுத்த முறை இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் வேகத்தைக் கூட்டுவதைவிட இதுதான் பலன் தரும்.

எதிரில் வரும் வண்டிகள் தெரியாது என்பதால், ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் ஒவ்வொரு வண்டியும் உயரமான கம்பத்தில் கொடி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கொடியின் முனை தரையிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குன்றுகள் வரிசை வரிசையாகக் கிடக்கும் அந்த இடத்தில், ஒரே உச்சிக்கு இரு பக்கத்திலிருந்தும் இரண்டு வண்டிகள் ஏறுவது அன்றாடம் நடக்கக்கூடியது. எந்தப் பாலைவனமானாலும் கொடி கட்டும் இந்தப் பழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

சரிவின் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி பக்கவாட்டில் கீழே வழுக்கத் தொடங்கியது. மேல் பக்கமாகத் திருப்பினேன், நிலைமை மோசமானது. என்ன செய்திருக்க வேண்டும்?

கீழ்ப் பக்கமாகத் திருப்பி, மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்திருக்க வேண்டும். வண்டியின் மூக்கு கீழ்நோக்கித் திரும்பிவிட்டால் கவிழும் அபாயம் நீங்கிவிடும். மேல்நோக்கித் திருப்பும்போது கீழ்ப்பக்கச் சக்கரங்களின் ஓரத்தில் மணல் குவிந்து தடுப்பாகி, வண்டி அதில் தடுக்கி உருண்டுவிடும். சரிவுகளின் குறுக்கே போவதையே தவிர்ப்பதுதான் சரியான வழி.

வண்டி மணலில் புதைந்துவிட்டால் படிப்படியாக என்ன செய்ய வேண்டும்? ஒருமுறை நாங்கள் நான்கு பேர் தள்ளியும் அசையவில்லை.

புதைவதற்கு முன் வண்டி எச்சரிக்கை தரும். எஞ்சின் ஓசை கனமாகும், வேகம் தானாகக் குறையும், முன்பக்கம் இலேசாகத் தாழும், ஸ்டியரிங் இறுகும். இந்த நிலையில் ஸ்டியரிங்கைப் பக்கத்துக்குக் கால் சுற்று இங்கும் அங்கும் அசைத்தால் முன்சக்கரங்களின் ஓரங்கள் புது மணலைப் பிடித்து வண்டி மீள்வதும் உண்டு. மீளவில்லை என்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். முன்னேறாமல் சக்கரம் சுழலும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் பிறகு மண்வெட்டியால் அள்ள வேண்டிய மணலைக் கூட்டுகிறது. சக்கரத்தின் கால்பங்கு புதைந்த நிலையில் நிறுத்தியவர் சில நிமிடங்களில் கிளம்பிவிடுவார். அச்சுவரை சுழற்றிப் புதைத்தவருக்கு அரை நாள் போய்விடும்.

நிறுத்தியதும் முதலில் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் போக முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்தத் தடத்தில் மணல் ஏற்கெனவே அழுந்தியிருப்பதால் பல நேரம் அதுவே போதும். போகவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். நான்கு பேர் தள்ளியும் அசையாததற்குக் காரணம் இங்கே இருக்கும்: குனிந்து வண்டியின் அடியில் பாருங்கள். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியோ, சட்டத்தின் குறுக்குத் தண்டோ, படிக்கட்டோ மணலில் அமர்ந்திருந்தால் வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இல்லை, மணலின் மேல் இருக்கிறது. அந்த நிலையில் எத்தனை பேர் தள்ளினாலும், எந்தக் கியர் போட்டாலும் பயன் இல்லை. நீளக் கைப்பிடியுள்ள மண்வெட்டியால் அடியில் உள்ள மணலை முழுவதும் இழுத்து வெளியே எடுங்கள். எடுத்த மணலைத் தள்ளிப் போடுங்கள். பக்கத்திலேயே குவித்தால் மீண்டும் சரிந்து உள்ளே வரும். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் (அல்லது பின்னால், போக விரும்பும் திசையில்) சாய்தளம் போல ஒரு மீட்டர் நீளத்துக்குத் தோண்டுங்கள். இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் தோண்டிவிட்டு அவசரப்படுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

அடுத்து, காற்றை இன்னும் இறக்கி 12 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவாருங்கள். மீட்புப் பலகைகள் (சக்கரம் பிடித்து ஏறப் பற்கள் வைத்த பிளாஸ்டிக் பலகைகள்) இருந்தால் அவற்றைச் சக்கரத்தின் அடியில் இறுகச் செருகி, சக்கரம் சுழலாமல் பலகையின் மேல் ஏறும்படி மிக மெதுவாகக் கிளம்புங்கள். சக்கரம் சுழன்றால் உராய்வின் சூட்டில் பலகையின் பற்கள் உருகிப் போகும். பலகையின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது; அது பாய்ந்து வரும். ஜாக்கி வைக்க வேண்டியிருந்தால் அதன் அடியில் அகலமான தடித்த பலகை இடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் உடலின் எந்தப் பகுதியையும் நுழைக்காதீர்கள். வெளியே வந்ததும் கெட்டித் தரை கிடைக்கும்வரை நிறுத்தாமல் போய், அங்கே காற்றை மீண்டும் 15க்கோ 18க்கோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

இடையில் நிறுத்த வேண்டி வந்தால் பிரேக் போடாமல் காலை மட்டும் எடுத்து, மணலே வண்டியை நிறுத்தும்படி விடுங்கள். பிரேக் போட்டால் நான்கு டயர்களின் முன்னும் மணல் குவிந்து, மீண்டும் கிளம்பும்போது அதுவே முட்டுக்கட்டையாகும். கீழ்நோக்கிய சரிவில், மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துவது எப்போதும் நல்லது.

புதைந்த வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும்போது, டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள். இது பாதுகாப்பானதா?

இல்லை. வேறு எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்காதீர்கள். டிரெய்லர் உருண்டை, சீராக உருளும் ஒரு சுமையை இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும்போது ஏற்படும் திடீர் விசையை அது தாங்காது. முறிந்தால், இழுபட்டு விறைத்திருக்கும் கயிறு அந்த இரும்பு உருண்டையைக் குண்டு போல எறியும். கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவர்களைக் கொன்ற விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. சரக்கு வண்டியில் கொண்டு வரும்போது வண்டியைக் கட்டி நிறுத்துவதற்கென்று அடியில் இருக்கும் மெல்லிய கொக்கிகளும் இதற்கு உரியவை அல்ல.

வண்டியின் சட்டத்தோடு போல்ட்டால் இறுக்கப்பட்ட, தாங்கும் எடை குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கிகள் இரண்டு வண்டிகளிலும் இருக்க வேண்டும். இழுப்பதற்கு நீண்டு சுருங்கும் மீட்புக் கயிற்றையே பயன்படுத்துங்கள். சங்கிலியோ இரும்பு வடமோ திடீர் இழுப்புக்கு ஆகாது. கயிற்றின் நடுவில் கனமான துணியோ அதற்கென்று விற்கும் பையோ போட்டால், அறுந்தாலும் பாய்ச்சல் குறையும். ஓட்டுநர்கள் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்கட்டும். கயிற்றைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. இழுக்கும் முன் மண்வெட்டி வேலையை முடித்துவிடுங்கள். நன்றாகத் தோண்டிய வண்டிக்கு மெல்லிய இழுப்பே போதும்.

காலையில் எளிதாக ஏறிய அதே குன்றில் பிற்பகலில் ஏற முடியவில்லை. என் கற்பனையா?

கற்பனை அல்ல. இரவின் குளிர்ச்சியில் மணல் துகள்களுக்கு இடையே சேரும் சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. வெயில் ஏறி அந்த ஈரம் உலர்ந்ததும் மேல்மணல் இளகிவிடுகிறது. போதாததற்கு, காலையில் போன வண்டிகள் மேற்பரப்பைக் கிளறியும் வைத்திருக்கும். கடினமான குன்றுகளைக் காலையில் கடக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். உச்சிவேளையில் இன்னொரு சிக்கல், வெளிச்சம்: சூரியன் தலைக்கு நேரே இருக்கும்போது நிழல் விழாததால் மேடும் பள்ளமும் ஒரே பரப்பாகத் தெரியும்; எதிரே செங்குத்துச் சரிவு இருப்பது அதன் விளிம்புக்கு வந்த பிறகே புலப்படும். அந்த நேரத்தை ஓய்வுக்கு ஒதுக்குவது நல்லது.

குன்றுகளுக்கு நடுவே வெள்ளையாக, சமமாக, கெட்டியாகத் தெரிந்த தரையில் ஓட்டினோம். வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. பாலைவனத்தில் சேறு எப்படி?

அது உப்புத்தரை. அரபு நாடுகளில் அதைச் சப்கா என்பார்கள். நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கும் தாழ்ந்த இடங்களில், நீர் மேலேறி ஆவியாகி, உப்பு மட்டும் தங்கி ஓடாக இறுகுகிறது. மேலே ஆள் நடக்கலாம், அடியில் களிச்சேறு. மணலில் உதவும் முறைகள் இங்கே அதிகம் உதவாது. வின்ச்சோ (வண்டியில் பொருத்திய, வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) நீண்ட கயிறோதான் கைகொடுக்கும். நன்கு பயன்பட்ட பழைய தடம் இருந்தால் அதை விட்டு விலகாதீர்கள். தரை கருத்தோ ஈரமாகவோ தெரிந்தால் மணல் வழியே சுற்றிப் போங்கள். நடுவில் தரை இளகுவதை உணர்ந்தால் நிற்காமல், வேகத்தைக் குறைக்காமல், பெரிய வட்டமாகத் திரும்பி, நீங்கள் வந்த கெட்டித் தரைக்கே போய்விடுங்கள்.

நானும் என் மனைவியும் மட்டும் ஒரே வண்டியில் பாலைவனத் தடம் ஒன்றில் போக விரும்புகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

தனி வண்டியில் போக வேண்டாம் என்பதே என் பதில். எவ்வளவு பொருள் எடுத்துப் போனாலும் இன்னொரு வண்டிக்கு ஈடாகாது. இரண்டு வண்டிகளாவது இருக்கட்டும். பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டே போங்கள். முன்னால் போகும் வண்டி உச்சியைத் தாண்டிவிட்டதாகச் சொன்ன பிறகே அடுத்தவர் ஏற வேண்டும்.

குடிநீர், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லிட்டர். வெயில் காலத்தில் அதைவிட அதிகம் வேண்டும். நீங்கள் திட்டமிட்ட நாள்களைவிட இரண்டு மூன்று நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கலத்தில் ஊற்றாமல் பல கலங்களில் பிரித்து வையுங்கள், ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும். எரிபொருள், இளகிய மணலில் சாலையில் ஆவதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை செலவாகும் என்று கணக்கிடுங்கள். செல்பேசிக் கோபுரம் எட்டாத இடம் என்பதால் செயற்கைக்கோள் தொலைபேசியோ, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசரக் கருவியோ வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசிக்குச் சில நாடுகளில் முன் அனுமதி தேவை. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருபவர்களுக்கு வானிலிருந்து வண்டி தெரியும்; தனியே நடக்கும் மனிதன் தெரிய மாட்டான். வண்டி நிழல் தரும், நீர் அங்கேதான் இருக்கிறது. பாலைவனத்தில் உயிரிழந்தவர்களில் பலர், நல்ல நிலையில் நின்ற வண்டியிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார்கள்.

மணலில் வண்டி ஓட்டுவதால் பாலைவனத்துக்குக் கெடுதல் உண்டா? அடுத்த காற்றிலேயே தடம் அழிந்துவிடுகிறதே?

நகரும் குன்றின் வெறும் மணலில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாலைவனம் முழுவதும் அப்படி இல்லை. சரளைக் கல் பரவிய சமவெளியில் பதிந்த தடம் பல தலைமுறைகளுக்கு நிற்கும். 1940களில் அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் பயிற்சி செய்த இராணுவ வண்டிகளின் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. குன்றுகளின் அடிவாரத்தில் வளரும் புல்லும் புதரும்தான் அந்த மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. சிறு உயிர்கள் வளை தோண்டி வாழ்வதும் அவற்றின் வேரடியில்தான். எனவே இருக்கும் தடத்திலேயே போங்கள். பச்சை தெரியும் இடத்தில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். காய்ந்த புல் வண்டியின் அடியில் சிக்கிச் சூடான புகைக்குழாயின் மேல் தங்கினால் தீப்பிடிக்கும் என்பதால் இது உங்கள் பாதுகாப்புக்கும் உரியது. புல் நிறைந்த தடத்தில் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடியில் பார்த்து, சிக்கியதை எடுத்துவிடுங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் விதைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பயணம் முடிந்து திரும்பியதும் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

தார்ச்சாலையில் ஏறும் முன், வேறு எதையும் செய்வதற்கு முன், டயர்களில் காற்றை முழு அளவுக்கு ஏற்றுங்கள். டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் மணல் புகுந்திருந்தால் காற்று மெல்லக் கசியும் என்பதால், மறுநாள் காலையில் அழுத்தத்தை மீண்டும் அளந்து பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்; நுண்மணல் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அடிப்பகுதியையும் சக்கரங்களின் உட்புறத்தையும் நல்ல நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்; உப்புத்தரையில் ஓட்டியிருந்தால் அன்றே கழுவ வேண்டும். பிரேக் பட்டைகளுக்கு இடையே மணல் இருந்தால் அரைக்கும் ஓசை கேட்கும். கழுவிய பிறகும் அந்த ஓசை நிற்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நட்டுகளையும், அடியில் உள்ள போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மேடுபள்ளத் தடங்களின் அதிர்வில் அவை தளர்ந்திருக்கலாம்.